கொத்தமல்லி ஓசி

தில்லியில் கிழமை தெரியாதவன் காய்கறி வாங்க முடியாது என்று ஒரு காலம் இருந்தது. திங்கட்கிழமை கூடினால் சோம் பஜார், செவ்வாய்க்கு மங்கல் பஜார், புதனுக்குப் புத் பஜார், வியாழனுக்கு வீர் பஜார் என்று நாளுக்கொரு பேட்டையில் சந்தை. ராகுகாலம், எமகண்டம் பார்த்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தலைநகருக்கு வந்ததும் பஞ்சாங்கத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு எந்த பஜார்?" என்று கேட்கப் பழகின. விருந்தாளி வரும் தேதியைக்கூட அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். செவ்வாயன்று வருகிறேன் என்று கார்டு போட்டவருக்கு, வியாழனன்று வந்தால் சௌகரியம் என்று பதில் போகும். எங்களுடையது புதன்கிழமைச் சந்தை. செவ்வாயன்று வீட்டில் மிஞ்சியிருப்பது முளைவிட்ட உருளைக்கிழங்கும் ஆறு நாள் வயதான முள்ளங்கியும்தான்.

நான் 1979-ல் மத்திய அரசில் எல்.டி.சி. குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவன். கரோல்பாக் மொட்டைமாடி பர்சாத்தியில் பிரம்மச்சரியம். கல்யாணத்துக்குப் பிறகு ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிவரை வெறும் சாலையாக இருக்கும் இடம், ஐந்து மணிக்குச் சந்தை. கோணியும் தார்ப்பாயும் விரித்துத் தரையில் காய் குவிப்பார்கள். இருட்டினதும் வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் ஏறும். அந்த வெளிச்சத்தில் எல்லாக் கத்தரிக்காயும் பிஞ்சாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து நறுக்கும்போதுதான் அதன் ஜாதகம் தெரியும்.

என் மனைவி தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் ராஷ்டிரபாஷா பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள். அந்தத் தைரியத்தில் முதல் புதன்கிழமை வெண்டைக்காய்க்காரர் முன்னால் நின்று, "க்ருபயா இஸ்கா மூல்ய பதாயியே" என்று சுத்த இலக்கண இந்தியில் விலை கேட்டாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "பஹன்ஜி, ரேடியோவில் செய்தி வாசிக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அடுத்த மாதத்துக்குள் அவள் "கைஸே தியே?" என்று இரண்டே சொல்லில், முகத்தில் அவநம்பிக்கையோடு கேட்கக் கற்றுக்கொண்டாள். சபா பத்து வருஷத்தில் சொல்லிக் கொடுக்காததைக் கோணிச்சாக்கு நாலு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே நாடகம்தான். வாரம் தவறாமல் அரங்கேறும். அவர் நாலு ரூபாய் என்பார். இவள் மூன்று என்பாள். அதற்குள் கை வெண்டைக்காய்க் குவியலில் இறங்கியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடிப்பாள். டப்பென்று ஒடிந்தால் பைக்கு, வளைந்தால் குவியலுக்கு. "தோடோ மத், பஹன்ஜி!" என்று அவர் அலறுவார். இவள் காதில் விழாது. கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடப்பாள். பதினோராவது அடியில், "அரே, ஆவோ தோ!" என்று கூப்பிடு குரல் வரும். மூன்றரைக்குப் படியும். நுனி ஒடிந்தவற்றையெல்லாம் அவர் ஓரமாக ஒதுக்கி, அடுத்து வந்த பாபுவுக்கு நிறுத்துப் போடுவார். ஆண்கள் வெண்டைக்காயைப் பார்ப்பதில்லை, அரசியல் பேசுவார்கள் என்பது தில்லிச் சந்தையின் அடிப்படைப் பொருளாதாரம்.

பணம் கைமாறிய பிறகு வருவதுதான் முக்கியம். கேட்காமலே ஒரு பிடி கொத்தமல்லி, நாலு பச்சைமிளகாய் பைக்குள் வந்து விழும். அந்தக் கொசுறுக்கு விலை கிடையாது, கணக்கும் கிடையாது. அரை ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் மல்லுக்கட்டியவர், அரை ரூபாய் பெறுகிற கொத்தமல்லியைச் சும்மா போடுவார். பேரத்தில் ஜெயித்தது யார் என்ற கேள்வியே அடுத்த வாரம்வரை எழாது.

பணவீக்கத்தைக் கணிக்க ரிசர்வ் வங்கி என்னென்னவோ குறியீட்டெண் வைத்திருக்கிறது. எங்களுக்குக் கொசுறு போதும். பிடி குறைந்து நாலு தழையானால் விலைவாசி ஏறுகிறது. தழையும் நின்றால் ஆட்சிக்கு ஆபத்து. 1998-ல் வெங்காயம் கிலோ ஐம்பது ரூபாயைத் தொட்ட அக்டோபரில் எங்கள் பஜாரில் கொத்தமல்லி அறவே நின்றது. "கொத்தமல்லியா? வெங்காயத்தை அழாமல் வாங்குகிறீர்களே, அதுவே கொசுறு" என்றார் கடைக்காரர். சாஹிப் சிங் வர்மாவை இறக்கிச் சுஷ்மா ஸ்வராஜை முதலமைச்சராக்கிப் பார்த்தார்கள். நவம்பர் தேர்தலில் ஷீலா தீட்சித் வந்தார். அந்தத் தேர்தலை வெங்காயத் தேர்தல் என்றே இன்றும் சொல்கிறார்கள்.

பழைய கதை சொல்கிறவன் எல்லாம் தித்திப்பாகத்தான் சொல்வான்; ஆகவே கசப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தையில் பருவம் என்பது சர்வாதிகாரி. குளிர்காலம் நாலு மாதமும் காலிஃபிளவர், முள்ளங்கி, வெந்தயக்கீரை, பசலை, சிவப்புக் கேரட், பச்சைப் பட்டாணி. ஏப்ரல் பிறந்தால் சுரைக்காய், டிண்டா, தோரி, மறுபடியும் சுரைக்காய். காலிஃபிளவரில் சாம்பார், கூட்டு, பொரியல், ஊறுகாய் என்று சகலமும் செய்து பார்த்த மாமிகள், கடைசியில் அதைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சின்ன வெங்காயம், வாழைப்பூ, கருணைக்கிழங்கு எல்லாம் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் யாராவது மாமாவின் பெட்டிக்குள் வந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய், சம்பளத் தேதியை நினைத்துக்கொண்டு வாங்க வேண்டும்.

பட்டாணிக் காலம் மட்டும் தனி அழகு. ஜனவரி மாதம், மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளியில் மத்தியான வெயில் விழும் நேரம், ஊழியர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கை ஸ்வெட்டர் பின்னும். அது ஓய்ந்தால் பட்டாணி உரிக்கும். காலையில் வரும் வழியில் ஐந்து கிலோ வாங்கி வந்து, மதிய உணவு இடைவேளையில் உரித்து, மாலையில் டப்பாவில் கொண்டு போவார்கள். கோப்பு நகராததற்கு அப்போது எத்தனையோ விசாரணைக் குழுக்கள் போட்டார்கள். யாராவது புல்வெளியில் கிடந்த தொலியைப் பார்த்திருந்தால் அறிக்கை ஒரே பக்கத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் கோணிக்காரர் விவசாயி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஊர் கிழக்கு உத்தரப் பிரதேசம். காய் வாங்குவது ஆசாத்பூர் மண்டியில். கண்டாகர் பக்கத்தில் இருந்த பழைய சப்ஜி மண்டி 1970-களில் அங்கே போனது. பழைய இடத்தில் ரயில் நிலையம் மட்டும் இன்னும் சப்ஜி மண்டி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. ஆசாத்பூரில் ராத்திரி முழுக்க லாரி வந்து இறங்கும். விவசாயியிடமிருந்து ஆட்தி என்ற கமிஷன் ஏஜெண்டுக்கு, ஆட்தியிடமிருந்து மாஷாகோர் என்ற சிறு மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து கோணிக்காரருக்கு என்று, வெண்டைக்காய் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் மூன்று கை பார்த்துவிடும். நாலாவதாக நுனியை ஒடிப்பது என் மனைவி.

இந்தத் தரகுச் சங்கிலியை அறுக்க 1988-ல் தேசியப் பால்வள வாரியம் சஃபல் கடைகளைத் தொடங்கியது. விவசாயிகள் சங்கத்திடம் நேரே வாங்கி, தரம் பிரித்து, சாவடிகளில் நிர்ணய விலைக்கு விற்பது திட்டம். காய் சுத்தம், எடை சரி, விலைப்பலகை உண்டு, மழையில் நனைய வேண்டாம். குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் நன்னாத்தான் இருக்கு. பேச ஆளில்லை" என்றாள். ஆனாலும் உறைந்த பட்டாணிப் பொட்டலம் வந்த நாளிலிருந்து ஐந்து கிலோ உரிக்கும் வழக்கம் மெல்லக் குறைந்தது. கோப்பு அப்போதும் நகரவில்லை.

ஓய்வு பெற்று மயூர் விஹாருக்குக் குடிபோனோம். அங்கே நாலு எட்டு நடந்தால் யமுனையின் காதர் எனப்படும் கரையோர வெள்ள நிலம். விடிகாலையில் பறித்த முள்ளங்கியையும் பசலையையும் பனி உலராமல் கரையோரம் வைத்து விற்பார்கள். பறித்த கையே விற்கும் காயை முதல்முதலாக தில்லியில் அங்கேதான் வாங்கினோம். இடைத்தரகர் இல்லை, லாரி இல்லை, குளிர்பதனக் கிடங்கு இல்லை. புத்தகங்களில் எழுதுகிற உழவர் சந்தைக்கு எல்லா லட்சணமும் பொருந்தியிருந்தது. 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனை மாசு நீங்கும்வரை அந்த வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர்களைச் சாகுபடி செய்யக் கூடாது என்று தடை விதித்தது. நியாயமான தடைதான், ஆற்றில் ஓடுவது பாதிக்கு மேல் நகரத்தின் சாக்கடை. சாக்கடையை விட்டவர்கள் ஊருக்குள் இருந்தார்கள், தடை பசலைக்கீரைக்கு வந்தது. அதற்குப் பிறகும் கீரை முளைத்தது, விற்றது, நாமும் தின்றோம். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் மட்டத்துக்கு ஏறி வந்தபோது அந்த உழவர்கள் மாடு கன்றோடு சாலையோரக் கூடாரத்தில் கிடந்தார்கள். தில்லிக்குள்ளேயே பயிர் செய்கிற அசல் உழவர் அவர்கள்தான். அவர்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை யாரும் கூட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள் வேறு ஜாதி. ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் தொண்ணூறு ஏக்கரில் சுந்தர் நர்சரி இருக்கிறது. ஆகா கான் அறக்கட்டளை புதுப்பித்து 2018-ல் பொதுமக்களுக்குத் திறந்த அற்புதமான பூங்கா. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் எர்த் கலெக்டிவ் என்ற அமைப்பு இயற்கை விவசாயிகளின் சந்தையைக் கூட்டுகிறது. பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. காய்கறி வாங்க டிக்கெட் எடுப்பதா என்று எங்கள் தலைமுறைக்குத் தோன்றும்; முகலாயர் காலத்துக் கட்டடங்களின் நிழலில் கத்தரிக்காய் பொறுக்குவதற்கு அது அதிகமில்லை என்று இந்தத் தலைமுறைக்குத் தோன்றும். இதே மாதிரி நகரத்தில் அங்கங்கே சிறு சந்தைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மருமகள் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதலில் கண்ணில் பட்டது மண். கேரட்டில் மண், உருளையில் மண், முள்ளங்கித் தழையில் மண். புத் பஜாரில் மண் இருந்தால் எடை ஏற்றுகிறான் என்று சண்டை போடுவோம். ஈரக் கோணியில் தட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார். இங்கே மண்தான் நற்சாட்சிப் பத்திரம். தக்காளி ஒன்றுபோல் ஒன்றில்லை. ஒன்று கோணல், ஒன்று வெடிப்பு, ஒன்று மஞ்சள். அந்தக் காலத்தில் இவற்றை ரசத்துக்கென்று தனியாகக் கூறு கட்டி, பாதி விலைக்குத் தள்ளுவார்கள். இங்கே பரம்பரை விதையென்று பலகை வைத்து, இரட்டை விலை போட்டிருந்தது.

கடை போட்டிருந்தவர் நல்ல பிள்ளை. குருகிராமில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஹரியானாவில் நிலம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். மண்புழுவைப் பற்றி அவர் பேசிய இங்கிலீஷ் எங்கள் அமைச்சகத்தின் செயலாளருக்கே வராது. பயிரைப் பற்றிய அக்கறையும் உண்மையானது, முகத்தில் தெரிந்தது. வெண்டைக்காயை நீட்டி, "ஒடித்துப் பாருங்கள் ஆண்ட்டி, தயங்காதீர்கள்" என்றார். நாற்பது வருஷமாகத் திட்டு வாங்கி ஒடித்தவள், அனுமதி கிடைத்ததும் ஒடிக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் கடையில் கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, ஊரில் கஞ்சி குடித்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்களெல்லாம் சபையில் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கடுத்த கடையில் பத்துவா கீரை. கோதுமை வயலில் களையாக முளைப்பது. அதற்கும் அடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பச்சைப் பொடி, மேலே "மொரிங்கா" என்று எழுதியிருந்தது. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் கொல்லையில் நின்ற முருங்கை மரம் எனக்கு நினைவு வந்தது. அக்கம்பக்கத்துப் பஞ்சாபிக் குடும்பங்கள் அதை மரமென்றே மதித்ததில்லை. தமிழ் மாமிகள் தொரட்டியோடு வந்து மொட்டையடித்துவிட்டுப் போவதைப் பார்த்து, "மதராஸிகள் மரத்தையே தின்கிறார்கள்" என்று சிரிப்பார்கள். அந்த வீடுகளின் பேரப் பிள்ளைகள்தான் இப்போது அந்தப் புட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

என் மனைவி பழக்க தோஷத்தில், "கொஞ்சம் சரி பண்ணிப் போடுங்க" என்று இந்தியில் ஆரம்பித்தாள். மருமகள் மெதுவாக அவள் முழங்கையை அழுத்தினாள். "அத்தை, இங்கே பேரம் பேசக் கூடாது. விவசாயிக்கு நியாயமான விலை போகணும்." வாஸ்தவம். அந்த நியாயத்துக்கு மறுப்பே கிடையாது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். அதே மருமகள் முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்ற தள்ளுவண்டிக்காரரிடம் சுரைக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைத்தே தீருவேன் என்று கால் மணி நேரம் நின்றாளே, அந்தச் சுரைக்காய் எந்த ஆலையில் விளைந்தது?

மதுரையிலிருந்து வந்திருந்த என் அத்தான் இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல உழவர் சந்தைன்னா உழவனுக்குத்தான்யா" என்றார். அவர் சொன்னதில் விஷயமிருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி முதல் உழவர் சந்தையை மதுரை அண்ணாநகரில் திறந்து வைத்தார். அதே ஆண்டு ஆந்திரத்தில் ரைத்து பஜார் வந்திருந்தது. பஞ்சாபில் அப்னி மண்டி அதற்கும் முன்பே உண்டு. உழவர் சந்தையில் கடைக்கு வாடகையில்லை, தராசு இலவசம், அடையாள அட்டை உள்ள விவசாயிக்குத்தான் இடம். விலையைக் காலையில் நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மண்டி விலைக்குச் சற்று மேலே, கடை விலைக்குச் சற்றுக் கீழே. மூட்டையை அரசு பஸ்ஸில் கட்டணமில்லாமல் ஏற்றி வரலாம் என்று ஏற்பாடு. ஆட்சி மாறியபோது சுணங்கியதும், மறுபடி மாறியபோது எழுந்ததும் தமிழ்நாட்டு வழக்கப்படி நடந்தன. அங்கே கீரைக்கட்டு வாங்க வருகிறவர் மஞ்சப்பையோடு வருவார், பத்து நிமிஷத்தில் போய்விடுவார். செல்ஃபி எடுக்க மாட்டார். விவசாயியும் மதியத்துக்குள் விற்றுவிட்டு வீடு போய்ச் சேருவார். அழகு குறைவு, காய் விற்றுத் தீரும்.

இந்தப் பக்கம் என் மகன். அவனுக்கு மண்ணும் வேண்டாம், மண்டியும் வேண்டாம்; கைப்பேசி போதும். 2013-ல் குரோஃபர்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, 2021-ல் பத்து நிமிஷ வியாபாரத்தில் இறங்கி, அந்த டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரசம் கொதிக்கும்போது கறிவேப்பிலை இல்லையென்று தெரிந்தால், பெருங்காயம் போடுவதற்குள் வாசலில் மணி அடிக்கிறது. நானும் அதன் பயனாளிதான். வாயார வைய மனம் வராது. ஆனால் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்க அதில் வழியில்லை. படத்தில் இருக்கும் வெண்டைக்காய் என்றும் பதினாறு.

2024 மே மாதம் ஒரு நாள் மகன் சோபாவிலிருந்தே கத்தினான். "அம்மா! கொத்தமல்லி ஃப்ரீ!"

நடந்தது இதுதான். மும்பையில் ஒருவர், காய்கறியோடு கொத்தமல்லிக்கும் காசு கேட்கிறதே என்று தன் அம்மா அதிர்ந்துபோனதை எழுதி, இலவசமாகச் சேர்த்துக் கொடுங்களேன் என்று பிளிங்கிட்டிடம் கேட்டார். கம்பெனியின் தலைவர் செய்கிறோம் என்றார், செய்தும்விட்டார். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அறிவிப்பு வேறு. நாடெங்கும் கைதட்டினார்கள். இதற்கென்று பொறியாளர்கள் உட்கார்ந்து திரையில் ஒரு பட்டன் வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கோணிக்காரர் எந்தப் பொறியாளரும் இல்லாமல் செய்துகொண்டிருந்த காரியம்.

இனி வேடிக்கையின் மறுபாதி. புத் பஜார் இன்னும் இருக்கிறது. வாரச் சந்தைகள் எல்லாமே இருக்கின்றன. பெட்ரோமாக்ஸ் போய் வாடகை எல்.இ.டி. வந்தது, கல் தராசு போய் மின்னணுத் தராசு வந்தது. கியூ.ஆர். அட்டையில் பணம் போட்டால் ஒரு சின்னப் பெட்டி, "நாற்பது ரூபாய் வந்துவிட்டது" என்று ஊருக்கே அறிவிக்கிறது. அரை ரூபாய் சண்டையை அந்தப் பெட்டியிடம் போட முடியாது. போன குளிர்காலத்தில் காய் வாங்கிவிட்டுப் பையை விரித்துப் பிடித்தபடி என் மனைவி நின்றாள். கடைக்காரப் பையன் நிமிர்ந்து பார்த்து, "தனியா பத்து ரூபாய், மாதாஜி" என்றான். பஹன்ஜி மாதாஜியானதில் அவளுக்கு வருத்தமில்லை. பத்து ரூபாயில்தான் வருத்தம்.

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. 2023 ஜூலையில் தக்காளி இருநூறைத் தாண்டியபோது, அரசாங்கமே கூட்டுறவு வண்டிகளில் கிலோ தொண்ணூறுக்கு விற்க வேண்டி வந்தது. மக்கள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நின்றார்கள். முதலீட்டாளர் பணத்தில் நஷ்டக்கணக்கு எழுதும் வசதி கம்பெனிக்கு உண்டு. கோணிக்காரருக்கு நஷ்டம் வந்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கைவைக்கும்.

ஆகவே, தில்லிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாரச் சந்தைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் காய் நன்றாக இருக்கும், ஒன்பது மணிக்குப் போனால் விலை நன்றாக இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. சிறுதானியமும் நாட்டு அரிசியும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குத் தாராளமாகப் போங்கள். விளைத்தவர் யாரென்று கேட்டு வாங்கலாம். கறிவேப்பிலை அவசரத்துக்குக் கைப்பேசி. பேரம் பேசுவதானால் எல்லா இடத்திலும் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் நுழைவுச்சீட்டுக்கும் டெலிவரிக் கட்டணத்துக்கும் வாய் திறக்காதவர்கள், தரையில் கோணி விரித்தவரிடமும் தள்ளுவண்டிக்காரரிடமும் வந்து ஐந்து ரூபாய் குறை என்று நிற்காதீர்கள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கொத்தமல்லிக்கும் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வாருங்கள்.